ஆங்கர சுத்தி எலும்பு கரைஞ்சா என்ன பண்ணணும்? என் கட்டவெரல் அனுபவம்

கைல பிஞ்ச நார எலும்போட கட்ட ஆபரேஷன் பண்ணி, எலும்புக்குள்ள ஆங்கர்னு ஒரு சின்ன ஆணி மாதிரி சாமான் போட்டவங்களுக்காக இத எழுதறேன். முக்கியமா வலியெல்லாம் போயி வேலைக்கும் திரும்பி, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சிகிட்டு இருக்கறப்ப எடுத்த எக்ஸ்ரேல ஆங்கர சுத்தி கறுப்பா வட்டம் தெரியுது, எலும்பு கரைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லி, அன்னியிலேர்ந்து தூக்கம் கெட்டுப்போனவங்களுக்கு. எனக்கு வலது கை கட்டவெரல்ல ஆச்சு. மணிக்கட்டுல ஆங்கர் போட்டவங்களுக்கும் விஷயம் பெரும்பாலும் இதேதான், போட்ட எடந்தான் வேற.

நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல லிந்தாங் ரோட்டுல உள்ளுக்கு போனா வர்ற ஒரு தோட்டத்துல, செம்பனை (எண்ணெய் பனை) நர்சரில வேலை. காலைல பெரட்டுக்கு (வேலை ஆளுங்கள கூட்டி பேர் கூப்புடற எடத்துக்கு) மோட்டர்ல போறப்ப, முந்தின ராத்திரி பேஞ்ச மழையில செம்மண் ரோடு வழவழன்னு கெடந்துச்சு, லோரி டயர் வெட்டின பள்ளத்துல முன் வீல் எறங்கி விழுந்தேன். உடம்பு முன்னாடி போயிடுச்சு, கை மட்டும் ஹேண்டில விடல, கட்டவெரல் வெளிப்பக்கமா மடங்கிடுச்சு. முட்டில சிராய்ப்பு, மொழங்கைல ரத்தம், அதத்தான் எல்லாரும் பாத்தாங்க. வெரலு வீங்கியிருந்துச்சு, ஆனா எக்ஸ்ரேல எலும்பு ஒடையல.

ஒடையலன்னா நல்லதுதானேன்னு நெனைப்போம். கட்டவெரல் நடு மூட்டுல, ஆள்காட்டி வெரல பாத்த பக்கம் ஒரு நார் இருக்கு, டாக்டருங்க யூசிஎல்னு சொல்றாங்க. சாவி திருகறது, துணி புழியறது, டின்னு மூடி தொறக்கறது எல்லாத்துலயும் கட்டவெரல் வெளிய சாயாம புடிச்சு வச்சிருக்கறது அதுதான். எனக்கு அது எலும்புல ஒட்டியிருக்கற எடத்துலேர்ந்தே பிஞ்சு வந்துடுச்சு. டாக்டர் ரெண்டு கை கட்டவெரலையும் மெதுவா வெளிய தள்ளி பாத்து, இடது நிக்குது வலது நிக்கவே மாட்டேங்குதுன்னு காட்டினாரு. அப்புறம் ஸ்கேன்ல பாத்தா பிஞ்ச நார் மேல ஏறி, பக்கத்துல இருக்கற தசை படலத்துக்கு வெளிய மாட்டிகிட்டு நிக்குது. 1962-ல ஸ்டெனர்னு ஒரு ஸ்வீடன் டாக்டர் எழுதினது இது, அவரு பேருலயே ஸ்டெனர் லீஷன்னு சொல்றாங்க. நடுவுல படலம் வந்து மறிச்சிடறதால எவ்வளவு நாள் கட்டு போட்டாலும் நாரு எலும்புல போயி சேராது, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். இந்த மூட்டு தளந்து போறத 1955-ல ஸ்காட்லாந்துல வேட்டைக்காட்டு காவல்காரங்ககிட்ட பாத்து எழுதியிருக்காங்க, மொயலு கழுத்த திருகி திருகியே நாரு போயிடுமாம். நம்ம பழைய தோட்டத்து தொரைங்க நெறைய பேரு ஸ்காட்லாந்துக்காரங்கதான், அவங்க ஊரு வியாதி எனக்கு வந்துடுச்சுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி சிரிச்சேன்.

ஆபரேஷன்ல எலும்புல ஒரு சின்ன துளை போட்டு அதுக்குள்ள ஆங்கர எறக்கி, ஆங்கரோட வர்ற நூல வச்சு நார இழுத்து எலும்போட கட்டிடறாங்க. கைக்கு போடறது ரொம்ப சின்னது, ரெண்டு மில்லிமீட்டர் அளவு தடிமன், அதுக்கு கொறஞ்சும் உண்டு. ஆங்கர் வர்றதுக்கு முன்னாடி நூல எலும்பு வழியா அந்தப் பக்கம் இழுத்து, தோலுக்கு வெளிய ஒரு பட்டன் வச்சு முடிச்சு போடுவாங்களாம், சட்டை பட்டனேதான். அதோட பாத்தா இது எவ்வளவோ மேல். கட்டவெரல் மட்டும் இல்ல, மணிக்கட்டுல சின்ன எலும்புங்கள புடிச்சிருக்கற நாரு பிஞ்சாலும், சுண்டுவெரல் பக்கம் டிஎஃப்சிசின்னு சொல்ற மெத்தை கிழிஞ்சாலும், வெரலு நுனில நரம்பு பிஞ்சாலும் (நம்ம நரம்புன்னு சொல்றோம், டாக்டர் அத டெண்டன்னு சொல்லுவாரு) இதே மாதிரிதான் ஆங்கர் போடறாங்க.

ஆங்கர் எதுல செஞ்சதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி யாரும் கேக்கறதில்ல. டைட்டானியம் இருக்கு. பீக்னு ஒரு கெட்டி பிளாஸ்டிக் இருக்கு, அது கரையாது. உடம்புக்குள்ளயே கரையற ரகம் இருக்கு, பாலி லாக்டிக் ஆசிட்ல செஞ்சது, அதுலயே எலும்புக்கு ஒத்துப்போற கால்சியம் உப்பு கலந்ததும் உண்டு. இப்ப முழுக்க நூல்லயே செஞ்ச ஆங்கரும் வந்திருக்கு. எனக்கு போட்டது கரையற ரகம். அது எப்படி தெரியும்னா, ஆங்கர் டப்பால ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி பேரு, அளவு, என்ன பொருள், லாட் நம்பர் எல்லாம் இருக்கும், ஆபரேஷன் நோட்ல ஒன்னு ஒட்டிட்டு மிச்சம் இருந்தா நம்மகிட்டயும் குடுப்பாங்க. நர்ஸ் எனக்கு ஒன்னு குடுத்தாங்க, ஐசி (அடையாள கார்டு) வைக்கற பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சேன். பின்னால எனக்கு ரொம்ப உதவினது அந்த துண்டு ஸ்டிக்கர்தான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டு, அப்புறம் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட், அப்புறம் தெரப்பி. அதுல பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, சொன்னத செஞ்சேன், ஆறிடுச்சு. வேலைக்கு போனேன்.

வலி திரும்ப வந்தது ரொம்ப நாள் கழிச்சு, பெரிய பேக் தூக்கற வேலைல. நர்சரில நாத்து பெருசானதும் 15க்கு 18 இன்ச் பாலிபேக்குக்கு மாத்துவோம், மண்ணு நெறச்சா நல்ல கனம், அத தூக்கி வரிசைல வைக்கறப்ப பேக்கோட வாய் ஓரத்த கட்டவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல இறுக்கி புடிச்சாத்தான் நழுவாது. அப்படி புடிக்கறப்ப மூட்டுக்கு கீழ, எலும்புக்குள்ளேர்ந்து விண்ணுனு ஒரு வலி. மேல அமுக்கினா வலி இல்ல, புடிச்சா மட்டும் வலி. ராத்திரி கொஞ்சம் கடுகடுன்னு இருக்கும். வீக்கம் லேசா, செவப்பு இல்ல, காய்ச்சல் இல்ல.

ஊர்ல எடுத்த எக்ஸ்ரேயில கட்டவெரல் அடி எலும்புல ஒரு கறுப்பு ஓட்டை. சின்ன டாக்டர் ஒருத்தர், தமிழ்ப்பையன், "அக்கா, ஆங்கர் தெரியலயே, ஓட்டைதான் தெரியுது, ஆங்கர் கழண்டு எங்கயோ போயிடுச்சு போல" அப்படின்னாரு. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ஈப்போல ஸ்பெசலிஸ்ட பாத்தப்பதான் தெளிவாச்சு. கரையற ஆங்கரும் பீக் ஆங்கரும் எக்ஸ்ரேல தெரியாது, டைட்டானியம் மட்டும்தான் வெள்ளையா தெரியும். அதனால ஓட்டை தெரியறதும் ஆங்கர் தெரியாம இருக்கறதும் எனக்கு மொத நாள்லேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கும், துளை போட்டுதானே ஆங்கர எறக்கினாங்க. அதனால ஓட்டை இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்ல, அன்னிக்கு இருந்தத விட இப்ப பெருசாயிருக்கா, இன்னும் பெருசாயிகிட்டே இருக்கா, அதுதான் கேள்வின்னாரு.

இத சரியா சொல்லணும்னா ஆபரேஷன் முடிஞ்ச கையோட எடுத்த மொத எக்ஸ்ரே வேணும். என் படம் வேற ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அங்க போயி சிடி டிஸ்க்ல போட்டு வாங்கிட்டு வந்தோம். மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி மாசக்கணக்குல காத்திருக்க வேண்டியதில்ல, படத்த மட்டும் கேட்டா சுருக்க கெடைக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா எனக்கே தெரிஞ்சுது. மொத படத்துல நேர் விளிம்போட ஒரு சின்ன குழாய், இப்ப உருண்டையா வீங்கின குழி. ஆனா ஒன்னு, ரெண்டு எக்ஸ்ரேலயும் கை ஒரே வாட்டத்துல இருக்கணும். கொஞ்சம் திரும்பியிருந்தா சின்ன குழி பெருசா தெரியும், பெருசு சின்னதா தெரியும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே ரூம்ல "பழைய படத்துல இருக்கற மாதிரியே வச்சு எடுங்க"ன்னு நானே சொல்ல ஆரம்பிச்சுட்டேன், மொறச்சாங்க, பரவால்ல.

அப்ப ஏன் எலும்பு கரையுது? டாக்டர் சொன்னதும் நான் அப்புறம் தேடி படிச்சதும் சேத்து சொல்றேன். ஒரே காரணம் கெடையாது. கரையற ஆங்கர் உடம்புல இருக்கற தண்ணில கொஞ்சம் கொஞ்சமா ஒடஞ்சு லாக்டிக் ஆசிடா மாறுது, அந்த எடம் புளிப்பேறுது, ஒடஞ்ச துணுக்குங்கள விழுங்க உடம்பு அணுக்கள் வந்து கூடுது, அந்த அமளில எலும்ப அரிக்கற அணுவும் முழிச்சுக்குது. கையில எலும்பு சின்னது, அத தாங்கற எடம் கொஞ்சம்தான். சுத்தமா கரைய பாலி லாக்டிக் ரகத்துக்கு வருஷக்கணக்குல ஆகும், ரெண்டு மூணு வருஷம், சில ரகம் 5 வருஷத்துக்கு மேலயும் இழுக்கும், அதனால இந்த பிரச்சனை ஆபரேஷன மறந்தே போனதுக்கு அப்புறம் வரும். இதுக்கு முன்னாடி வந்த பாலிகிளைகாலிக் ரகம் மாசக்கணக்குலயே கரைஞ்சிடும், அது வேகமா ஒடையறதால தோல் வழியா சீழ் மாதிரி தண்ணி வடியும், டெஸ்ட் பண்ணா கிருமியே இருக்காது. 1980கள் கடைசிலேயே ஃபின்லாந்து டாக்டருங்க கணுக்கால் முறிவுல கரையற கம்பி போட்டு இத பாத்து எழுதிட்டாங்க.

அப்போ டைட்டானியம் போட்டா தப்பிச்சுடலாமான்னா அதுவும் இல்ல. ஆங்கர் எலும்புல இறுக்கமா நிக்காம துளி துளியா ஆடினாலே சுத்தி எலும்பு விட்டுக்குடுத்துடும், ஈர மண்ணுல நட்ட வேலிக்கம்பம் ஆட ஆட குழி பெருசாகற மாதிரி. துளை போடறப்ப டிரில்லு சூடேறி ஓரத்து எலும்பு செத்துப்போறது ஒரு காரணம். துளை மூட்டுக்கு ரொம்ப பக்கத்துல விழுந்து மூட்டு தண்ணி உள்ள எறங்கறதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. நூல் ஆங்கர்ல நூலு சரியா இறுகாம துளைக்குள்ள உரசிகிட்டே இருந்தா அதுலயும் குழி வரும். எந்த பொருளும் கொறையே இல்லாதது கெடையாது. யாராவது உங்ககிட்ட இந்த கம்பெனி ஆங்கர் போட்டா பயமே இல்லன்னு சொன்னா நம்பாதீங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி டாக்டர் பாத்தது கிருமி இருக்கான்னுதான், அது ரொம்ப சரி. எனக்கு இனிப்புநீர் (சக்கரை வியாதி) இருக்கு, வேலை மண்ணுல, அவரு மொதல்ல கேட்டதே இந்த ரெண்டும்தான். மெலியாய்டோசிஸ்னு ஒரு வியாதி நம்ம நாட்டுல உண்டு, மண்ணுலயும் தேங்கின தண்ணிலயும் இருக்கற கிருமி, இனிப்புநீர் இருக்கறவங்கள சீக்கிரம் புடிக்கும், எலும்புலயும் மூட்டுலயும் கூட போயி உக்காரும். காசநோயும் எலும்புல வரும். அதனால ரத்தத்துல சிஆர்பி, இஎஸ்ஆர், வெள்ளணு (உள்ள அழற்சியோ கிருமியோ இருக்கான்னு பாக்கறதுக்கு), எச்பிஏ1சி (சக்கரை கட்டுக்குள்ள இருக்கான்னு பாக்கறதுக்கு) எல்லாம் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். நார்மலா இருந்தாலும் மெதுவா வேலை செய்யற கிருமி சில நேரம் ரத்தத்துல தெரியாதுன்னும் சொன்னாரு, அதனால ரத்தம் நல்லா இருக்குங்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணிட முடியாது. அப்புறம் பழைய எக்ஸ்ரேய, அதாவது விழுந்த அன்னிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தத, திரும்ப பாத்தாரு. கை எலும்புல என்காண்ட்ரோமான்னு ஒரு சாதா கட்டி வரும், புத்துநோய் இல்ல, கைல வர்ற எலும்பு கட்டிங்கள்ல அதுதான் அதிகம். அது முன்னாடியே இருந்து நாம ஆங்கர் மேல பழி போடறோமான்னு பாக்கறதுக்கு. யூரிக் ஆசிட் ஏறி எலும்பு அரிக்கறதும் உண்டு. அதெல்லாம் இல்ல.

சிடி ஸ்கேன்ல குழியோட ஓரத்த பாத்தாங்க. ஓரத்துல வெள்ளையா மெல்லிசா ஒரு கோடு, கெட்டியான எலும்பு வரம்பு கட்டியிருந்தா அந்த குழி அடங்கிடுச்சு இல்ல ரொம்ப மெதுவா போகுதுன்னு அர்த்தமாம். ஓரம் கலங்கலா இருந்தா இன்னும் நடந்துகிட்டு இருக்கு. எனக்கு பாதி வரம்பு, பாதி கலங்கல். சாதா எக்ஸ்ரேல எலும்பு சுண்ணாம்பு மூணுல ஒரு பங்கு, சில நேரம் பாதி கொறைஞ்சாத்தான் கண்ணுக்கு தெரியும்னு சொன்னாரு, அதனால சிடி ஸ்கேன் இல்லாம "பெருசாகல"ன்னு சொல்றது கொஞ்சம் அவசரம். ஆனா சிடி ஸ்கேன அடிக்கடி எடுக்க மாட்டாங்க, தேவைப்பட்டாத்தான்.

இந்த கட்டத்துல டாக்டர் ஆபரேஷன் சொல்லல, காத்திருக்கலாம்னாரு. எனக்கு கோவம் வந்துச்சு. எலும்பு கரையுதுன்னு நீங்களே சொல்லிட்டு சும்மா இருன்னா எப்படி டாக்டர்னு கேட்டேன். அவரு சொன்ன பதில்தான் இத எழுத வச்சுது. "ஆங்கர் உங்க வெரலுக்கு கொஞ்ச நாள் வேலைக்காரன், நாரு எலும்புல ஒட்டிக்க 6 லேர்ந்து 12 வாரம் ஆகும், அதுவரைக்கும் புடிச்சு வச்சிருக்கறது மட்டும்தான் அதோட வேலை. உங்க மூட்டு இப்ப உறுதியா நிக்குது, அதாவது ஆங்கர் வேலைய முடிச்சுடுச்சு. அது இப்ப கரைஞ்சாலும் கழண்டாலும் உங்க ஆபரேஷன் தோத்துப்போகல. நாம பாக்க வேண்டியது மூணுதான், மூட்டு தளருதா, வலி ஏறுதா, குழி வளருதா." வெரல வெளிய தள்ளி காட்டினாரு, நின்னுச்சு.

அதுக்கு முன்னாடி நான் ஓட்டையும் நாரும் ஒன்னுன்னு நெனச்சிகிட்டு இருந்தேன், ஓட்டை பெருசானா வெரலு மறுபடி சாஞ்சிடும்னு. ரெண்டும் வேற. மூட்டு உறுதியா இருந்தும் குழி வளரலாம், குழி அப்படியே இருந்தும் மூட்டு தளரலாம். ரெண்டையும் தனித்தனியா கேக்கணும்.

எங்க சின்ன மச்சான், நாத்தனார் வீட்டுக்காரர், செம்பனை குலை வெட்டறவரு. அவருக்கு மணிக்கட்டுல டைட்டானியம் ஆங்கர் போட்டிருக்கு. என் கதைய கேட்டு அவரும் எக்ஸ்ரே எடுத்தாரு, ஆங்கர சுத்தி மெல்லிசா கறுப்பு வளையம். அவருக்கு வலி இல்ல, மூட்டு உறுதி, அடுத்த படத்துலயும் வளையம் அதே அளவு. அவர அனுப்பிட்டாங்க, வருஷத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும்னு. அவரு இன்னிக்கும் அரிவாள் கழிய தூக்கிகிட்டுதான் இருக்காரு. மாமியாருக்கு மட்டும் மனசு ஆறல, "இரும்ப உள்ள வச்சிகிட்டு ஏன்டா கஷ்டப்படற, எடுத்துடு"ன்னு பாக்கறப்பெல்லாம் சொல்லுவாங்க. வலி இல்லாத ஆங்கர தோண்டி எடுக்க போனா நல்ல எலும்பும் சேந்து போகும், அது அவங்களுக்கு புரியற மாதிரி யாருக்கும் சொல்ல தெரியல.

உருவறவங்கள பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா எனக்கு நாலா பக்கமும் அந்த அறிவுரைதான் வந்துச்சு. சுளுக்குக்கு உருவிக்கறது எங்க வீட்டுலயும் வழக்கம், நான் அத கொறை சொல்லல. ஆனா குழி விழுந்து ஓரம் மெல்லிசான எலும்ப போட்டு அமுக்கி உருவினா அங்கயே ஒடஞ்சு போக வாய்ப்பு இருக்கு. எண்ணெய் தேச்சுக்கங்க, அமுக்கி இழுக்க விடாதீங்க.

காத்திருந்த காலத்துல பேக் தூக்கற வேலைய மண்டோர்கிட்ட (மேஸ்திரிகிட்ட) சொல்லி மாத்திகிட்டேன். லேசான வேலைன்னு டாக்டர் எழுதி குடுத்தாரு, ஆனா அந்த சூராட்ல (கடுதாசில) "லேசான வேலை"ன்னு மட்டும் இருந்தா தோட்டத்துல ஒருத்தருக்கும் ஒன்னும் புரியாது, தண்ணி ஊத்தறதும் லேசான வேலைதான் களை புடுங்கறதும் லேசான வேலைதான், ஆனா களை புடுங்கறதுல முழு பாரமும் கட்டவெரலுக்குத்தான். அதனால அடுத்த தடவ "கட்டவெரலால இறுக்கி புடிக்கற வேலை கூடாது, பாரம் தூக்கக்கூடாது"ன்னு எழுதி கேட்டு வாங்கினேன். ஆபீஸ் கிளார்க் கிராணியம்மா அத படிச்ச ஒடனே என்ன நாத்து கணக்கெடுக்கற வேலைக்கு போட்டுட்டாங்க. வீட்டுல தேங்காப்பால் புழியறது, முறுக்கு அச்சு அமுக்கறது, மாப் புழியறது எல்லாம் பிள்ளைங்க தலைல.

அடுத்த சிடி ஸ்கேன்ல குழி வளந்திருந்துச்சு. ஒரு பக்கம் எலும்பு ஓடு மெல்லிசாயிடுச்சு, வலியும் கொறையல. மூணுல ரெண்டு ஆமான்னு வந்துட்டதால இனிமே காத்திருந்தா அந்த எடத்துல முறிஞ்சா சரி பண்றது கஷ்டம்னு ஆபரேஷனுக்கு தேதி குடுத்தாங்க.

இந்த தடவ மயக்கம் குடுக்கல. வாலண்ட்னு சொல்றாங்க, மரத்துப்போற மருந்தோட ரத்தம் நிக்கற மருந்தையும் கலந்து அந்த எடத்துல மட்டும் ஊசி போடறது, கைல ரத்தக்கட்டு பெல்ட்டு இறுக்கறது இல்ல, நாம முழிச்சிகிட்டே இருக்கலாம். இனிப்புநீர்காரங்களுக்கு ராத்திரி முழுக்க பட்டினி கெடக்க வேண்டாங்கறது பெரிய நிம்மதி. வலி இல்ல, ஆனா சத்தம் கேக்கும். குழிக்குள்ள கியூரெட்ட (சின்ன கரண்டி மாதிரி கருவி) விட்டு சொரண்டறப்ப சரக் சரக்னு எலும்பு வழியா காதுக்கே வந்துச்சு. ஆங்கர்ல மிச்சம் இருந்தது வெள்ளையா, நொறுங்கின மெழுகு துண்டு கணக்கா வந்துச்சு, டாக்டர் ட்ரேல வச்சு காட்டினாரு, கடுகளவு துணுக்குங்க நாலஞ்சும் சாம்பல் நெறத்துல கொழகொழன்னு கொஞ்சம் சதையும். அத ரெண்டா பிரிச்சு ஒரு பாதி கிருமி டெஸ்டுக்கு, ஒரு பாதி பேத்தாலஜிக்கு (மைக்ராஸ்கோப்ல பாக்கற எடத்துக்கு). கிருமி டெஸ்டுல காசநோய்க்கும் தனியா வைக்க சொன்னத நானே காதால கேட்டேன், அந்த டெஸ்ட் வார கணக்குல ஆகும். அப்புறம் மணிக்கட்டுக்கு மேல, ரேடியஸ் எலும்புல (கட்டவெரல் பக்கம் இருக்கற முன்கை எலும்பு) சின்னதா ஒரு சன்னல் தொறந்து உள்ள இருக்கற மெத்துனு எலும்ப எடுத்து கட்டவெரல் குழில ரொப்பி மூடினாங்க. நாரு உறுதியா ஒட்டியிருந்துச்சு, புதுசா ஆங்கர் எதுவும் போடல.

கிருமி ஒன்னும் வளரல. பேத்தாலஜில வேத்துப்பொருள் வந்ததுக்கு உடம்பு காட்டற எதிர்ப்பு, ஆங்கர் துணுக்குங்கள சுத்தி பெரிய பெரிய அணுக்கள்னு வந்துச்சு. புத்து இல்ல. அந்த பேப்பர கைல வாங்கினப்பதான் நிம்மதி வந்துச்சு.

ஆறினது மொத ஆபரேஷன விட மெதுவா இருந்துச்சுன்னு எனக்கு தோணிச்சு, ஒருவேளை வயசு, ஒருவேளை சக்கரை. கட்டவெரலும் மணிக்கட்டும் சேந்து ஸ்ப்ளின்ட்ல. எடுத்த எடத்துல, அதாவது மணிக்கட்டு வலிதான் மொத கொஞ்ச வாரம் அதிகம், அத யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. தழும்பு பக்கத்துல கட்டவெரல் முதுகுல ஒரு கீத்து மரத்துப்போயி இருந்துச்சு, அந்த எடத்துல ஓடற சின்ன உணர்வு நரம்பு தடவுபட்டா அப்படி ஆகும், எனக்கு பாதி திரும்பிடுச்சு. தெரப்பில மலாய்க்கார பொண்ணு ஒருத்தி, என்ன "காக்"னு (அக்கான்னு) கூப்புடுவா, கிளே உருண்டைய நசுக்க சொல்லி ரெண்டு வெரலு புடிய அளக்கற கருவில நம்பர் பாப்பா. இடது கையோட ஒப்பிட்டுதான் அந்த நம்பருக்கு அர்த்தம், பக்கத்து சீட் ஆளோட ஒப்பிட்டு மனச கெடுத்துக்காதீங்க. எலும்பு ரொம்பினது எக்ஸ்ரேல தெரியற வரைக்கும் பாலிபேக் பக்கமே விடல.

இப்ப ஆங்கர் போட்டுக்க போறவங்க, இல்ல போட்டுகிட்டவங்க யாராவது கேட்டா நான் சொல்றது: ஸ்டிக்கர கேட்டு வாங்கி போட்டோ புடிச்சு வைங்க. ஆபரேஷன் முடிஞ்சு எடுக்கற மொத எக்ஸ்ரேய சிடி டிஸ்க்ல வாங்கி வைங்க, வலி இல்லாதப்பவே வாங்கி வைங்க. கரையற ஆங்கர்னா வருஷம் கழிச்சு வர்ற வலிய "பழைய அடி, மழைக்கு வலிக்குது"ன்னு விட்டுடாதீங்க. சுத்தி செவந்து சூடா இருந்தா, தண்ணி வடிஞ்சா, காய்ச்சல் வந்தா அப்போயின்மென்ட் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, ஒடனே எமர்ஜென்சிக்கு போங்க, இனிப்புநீர் இருந்தா கேக்கவே வேணாம். வலி இல்லாம கறுப்பு வளையம் மட்டும் இருந்தா பயந்து ஓடாதீங்க, அடுத்த படத்துக்கு தேதி கேளுங்க. ஆன்டிபயோட்டிக்க நீங்களா வாங்கி முழுங்காதீங்க, பின்னால எடுக்கற டெஸ்ட்ல கிருமி இருந்தும் காட்டாம போயிடும்.

காசு விஷயம். கவர்ன்மென்ட் ஸ்பெசலிஸ்ட் கிளினிக்ல நமக்கு 5 ரிங்கிட்தான், அதுல ஒன்னும் இல்ல, ஆனா ஆங்கர் மாதிரி உள்ள வைக்கற சாமானுக்கு தனியா கட்ட சொல்லலாம். கட்ட முடியலன்னா வார்டுலயே மெடிக்கல் சோசியல் வொர்க்கர பாக்கணும்னு சொல்லுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடியே. வேலைக்கு போற வழில, வழக்கமா போற ரோட்டுல விழுந்தாலும் சொக்சோல (தொழிலாளர் காப்புறுதி) அது வேலை விபத்துதான், நெறைய தோட்டத்து ஆளுங்களுக்கு இது தெரியாது, மெஷின்ல கை மாட்டினாத்தான் சொக்சோன்னு நெனக்கறாங்க. ரோட்டுல நடந்ததுக்கு போலீஸ் ரிப்போர்ட் கேப்பாங்க, சிராய்ப்புதானேன்னு விடாம அன்னிக்கே போட்டுடுங்க. விழுந்த நாளையும் சேத்து எம்சி (மெடிக்கல் லீவு) 4 நாளுக்கு கொறையாம இருந்தா தற்காலிக ஊனப்பணம் கெடைக்கும், அவங்க கணக்கு பண்ற நாள் சம்பளத்துல 80 சதவீதம். ரெண்டாவது ஆபரேஷனும் அதே விபத்தால வந்ததுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க, என் விஷயத்துல கிராணியம்மா கேட்ட மொத பேப்பரே அதுதான். நிரந்தரமா வெரலு பலம் கொறஞ்சிருந்தா அதுக்கு தனி கிளேம், டாக்டர் போர்டு முன்னாடி போகணும். கிளேம் பண்ண சொக்சோக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்ல, கமிஷனுக்கு பண்ணி தர்றேன்னு வர்றவங்கள வாசலோட அனுப்பிடுங்க. என் போர்டு தேதி இன்னும் வரல, பழைய எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே, பேத்தாலஜி பேப்பர், ஸ்டிக்கர் எல்லாம் ஒரே ஃபைல்ல கிராணியம்மாகிட்ட குடுத்து வச்சிருக்கேன், லெட்டர் வந்ததும் கூப்புடறேன்னு சொல்லியிருக்காங்க.